பெருச்சாளிக்குக் கேட்காமல் வைத்த மருந்து

பெருச்சாளி தோண்டித் தள்ளிய மண்ணுக்கென்று ஒரு வாடை உண்டு. அது மழை மண்ணின் வாசனை அல்ல. நெடுநாள் வெயில் படாமல் அடியில் கிடந்த ஈர மண்ணும், மென்று துப்பிய கிழங்குத் தோலின் பச்சை நெடியும், கொஞ்சம் மூத்திர நாற்றமும் கலந்து, விடிந்து குடிசைக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். அந்த வாடை வந்துவிட்டால் அம்மா பல்கூடத் துலக்காமல் தோட்டத்துக்கு ஓடுவாள்; எந்தப் பாத்தி போயிற்று என்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இன்றைக்கும் வீட்டுப் பின்பக்கம் யாராவது மண்ணைக் கிளறினால் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு அது விளங்குவதில்லை, கிழவிக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் அப்போது பினாங்கில், ஜெலுத்தோங் முடிந்து, கெலுகோர் போகிற சாலை தென்னந்தோப்புகளுக்குள் நுழைகிற இடத்தில் குடியிருந்தோம். தோப்பு பினாங்குப் பட்டணத்தில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயருடையது. விழுகிற தேங்காயைப் பொறுக்கிக் குவித்து வைத்தால் போதும், குடிசையில் இருந்துகொள்ளுங்கள், பின்னால் சும்மா கிடக்கிற மண்ணில் எதையாவது போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நல்ல மனிதர் சொல்லியிருந்தார். அப்பா துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் உலகமெங்கும் வியாபாரம் படுத்து, ரப்பரைச் சீந்துவாரில்லாமல் போய், கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டபோது அப்பாவின் வேலையும் போயிற்று. வேலையற்றுப்போன தமிழர்களைச் சர்க்காரே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. "கப்பலுக்குப் பேர் கொடுத்தாச்சா?" என்பதுதான் அப்போது நம்மவர்கள் வழியில் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி.

அப்பாவுக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போய்விட ஆசை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவரைத் தின்றது. அம்மா மட்டும் முடியவே முடியாது என்று நின்றாள். அதற்குக் காரணம் என் அக்கா தனம். அக்காவைக் கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் ரயில் பாதை வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். பங்குனியில் பிரசவம் என்று கணக்கு. மாசி பிறந்ததும் அக்காவை அழைத்து வந்து, இந்தக் குடிசையிலேயே தலைப்பிரசவம் பார்த்து அனுப்பவேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே கிடையாது. பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள். சுக்கும் கருப்பட்டியும் சேர்த்தாள். குடிசையின் ஒரு மூலைக்குத் தென்னங்கிடுகு கட்டி மறைப்பு வைத்து, அதற்கு "தனத்து ரூம்பு" என்று பேர்கூட வைத்துவிட்டாள்.

"தலப்பிரசவம்ங்க. பெத்தவ நான் உசுரோட இருக்கறப்ப எம்மக எவ வீட்டு மூலையிலயோ கெடந்து கத்தணுமா? அது முடியட்டும். அப்புறம் நீங்க எந்தக் கப்பல்ல ஏறச் சொன்னாலும் ஏறுறேன்" என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சுருட்டைக் கடித்துக்கொண்டே, "அதுவரைக்கும் என்னத்தத் தின்கிறது? சரி, ஒந்தோட்டம் சோறு போட்டா இருப்போம். போடலேன்னா கப்பல்தான். அப்புறம் அழக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் குடும்பம் பினாங்கில் இருப்பதா போவதா என்பது அன்றிலிருந்து நாலைந்து பாத்தி மண்ணின் கையில் இருந்தது.

நாங்கள் "ஊபி" என்று மலாயில் சொல்லிப் பழகிவிட்ட மரவள்ளியைத்தான் அம்மா முக்கால்வாசி இடத்தில் ஊன்றினாள். மீதியில் சர்க்கரைவள்ளி, வேலியோரம் அவரை, ஒரு வரிசை வெண்டை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள முளைக்கீரை. மண் நல்ல மண். போட்டது போட்டபடி வந்தது. வந்த பிறகுதான் எத்தனை பேர் எங்களோடு பந்திக்கு உட்காரக் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. மலைப்பக்கத்துக் குரங்குகள் தென்னை வழியாகவே வந்து வெண்டையைக் கடித்துக் கடித்துப் போட்டுவிட்டுப் போயின. அதற்காவது கத்தலாம், தகரத்தைத் தட்டலாம். நத்தைகளைக் கையால் பொறுக்கி உப்பில் போடலாம். பெருச்சாளி முகத்தைக் காட்டாத எதிரி. மேலே செடி தளதளவென்று நிற்கும். ஆசையாய்ப் பிடித்து இழுத்தால் கிழங்கிருந்த இடத்தில் ஒரு பொந்தும், பொந்துக்குள் பல்தடம் பதிந்த தோலும்தான் இருக்கும். அம்மா ஏமாந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அம்மா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஓட்டைச் சட்டியில் தேங்காய் மட்டையும் காய்ந்த மிளகாயும் போட்டு மூட்டிப் பொந்துக்குள் புகை விட்டாள். அது தோப்பெல்லாம் சுற்றி எங்கள் கண்ணைத்தான் எரித்தது. ஒரு வாசலில் தண்ணீர் ஊற்றினால் அது இன்னொரு வாசல் வழியாக வெளியேறி எங்கோ போயிற்று. கண்ணாடிச் சில்லும் எலுமிச்சை முள்ளும் திணித்து அடைத்தால் மறுநாள் பக்கத்திலேயே புதிதாகத் தோண்டியிருந்தது. அப்பா எங்கிருந்தோ இரும்புப் பொறி ஒன்று கொண்டுவந்து வைத்தார். காலையில் பொறியையே காணோம். "ஒங்கம்மா வீட்டுச் சொந்தக்காரங்க வெறுங்கையோட போக மாட்டாங்க போலருக்கு" என்று அப்பா கேலி செய்தார். அம்மா அவைகளுக்கு "கீழ்வீட்டுக்காரங்க" என்று பேர் வைத்திருந்தாள். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று பயம்.

தோட்டத்தில் பாதியாவது மிஞ்சியது என்றால் அது ஈத்தாம் தயவுதான். ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்பு. அது எங்கள் நாய் அல்ல, பக்கத்துத் தோட்டத்து ஆ சிம்முடையது. ஆ சிம் என்ற சீன அம்மாளும் அவள் புருஷனும் எங்களுக்கு அடுத்த நிலத்தில் கீரை போட்டுப் பன்றி வளர்த்தார்கள். இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கால்வாய். அதன்மேல் பாலமாக ஒரு தென்னந்தண்டு. கிணறு அவர்கள் பக்கம் இருந்தது. அம்மா காலையும் மாலையும் தென்னந்தண்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டு வருவாள். ஆ சிம் அம்மாவைத் "தங்காச்சி" என்பாள். அந்தக் காலத்தில் தமிழ்ப் பெண்பிள்ளை எல்லாரையும் மற்றவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இவளுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் தெரிந்தது கைப்பிடி அளவு கடைத்தெரு மலாய். அதை வைத்துக்கொண்டு புருஷன்மார்களைப் பற்றியும் வரப்போகிற பேரப்பிள்ளையைப் பற்றியும் கிணற்றடியில் அவர்கள் பேசிச் சிரித்ததைப் பார்த்தால் பாஷை என்பது அவ்வளவு முக்கியமில்லையோ என்று தோன்றும். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் இஞ்சி போட்டுக் கோழி சமைத்துத் தருவதாக ஆ சிம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஈத்தாம் வேலியெல்லாம் பார்க்காது. இரண்டு தோட்டமும் அதற்கு ஒன்றுதான். பொந்து வாசலில் மூக்கை வைத்துப் படுத்துக் கிடக்கும். கீழ்வீட்டுக்காரன் தலை நீட்டினானோ, ஒரே கவ்வு. கவ்வியதை அம்மா காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டு வாலை ஆட்டும். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதற்குக் கஞ்சி ஊற்றுவாள்.

மார்கழி மழை விட்டதும் பெருச்சாளிகள் பெருகின. ஒரு நாயால் எத்தனையைப் பிடிக்க முடியும்? தை பிறந்து ஒரு நாள் காலையில் மரவள்ளியில் ஒரு முழு வரிசை சாய்ந்து கிடந்தது. அன்று மத்தியானம் அம்மா ஜெலுத்தோங் கடைத்தெருவுக்குப் போய், முந்தானை முடிச்சில் எதையோ கட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் கொப்பரையை வறுத்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிண்டினாள். வாசனை ஆளை இழுத்தது. "என்னம்மா பலகாரம்?" என்று கேட்டேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

நம்மவர்கள் வீடுகளில் இது தெரிந்த பழக்கம்தான். எலிக்குப் பாஷாணம் வைக்கிற அன்று அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. எலிக்குக் காது கேட்கும். மனிதர் பேசுவது அதற்குப் புரியும். புரிந்துவிட்டால் தொடாது, போதாததற்கு மறுநாள் வந்து துணியெல்லாம் வெட்டி வன்மம் தீர்க்கும். ஆகையால் கடையில் கேட்கும்போதுகூட "அந்த மருந்து" என்பார்கள். வீட்டுக்குள் கண் ஜாடைதான். சில பெண்கள் எலி நம்பவேண்டும் என்று எதிர்மாறாகப் பேசுவார்கள். அம்மாவும் பொழுது சாய்கிற நேரத்தில் பொந்து பொந்தாகக் குனிந்து, கை முட்டிவரை உள்ளே விட்டு மருந்தை வைத்துவிட்டு, பொந்தின் வாயை ஓட்டாஞ்சில்லால் மூடியபடி, "கல்யாண வீட்டுப் பலகாரம் வந்திருக்கு, நல்லா தின்னுங்க, எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவனைத் தோட்டப்பக்கம் விடாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்படி அம்மா எனக்குக் கண்ணாலேயே சொல்லியிருந்தாள்.

அந்த நேரத்தில் ஆ சிம் கிணற்றடியில்தான் இருந்தாள். அம்மா தண்ணீர் மொள்ளப் போனாள். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். நாயைக் கட்டிப்போடு என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கிணற்றங்கரையைச் சுற்றியும் பொந்துகள் இருந்தன. சொன்னால் அவைகளுக்குக் கேட்டுவிடும். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

காலையில் கால்வாயோரம் இரண்டு பெருச்சாளிகளும், அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஈத்தாமும் செத்துக் கிடந்தன.

ஆ சிம்மின் புருஷன் நாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்ன சொன்னார் என்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தென்னந்தண்டைத் தாண்டிப் போனாள். மறைத்திருக்கலாம். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மார்பில் கை வைத்து, மருந்து வைத்தது நான்தான் என்று மலாயில் சொன்னாள். வைத்தால் வைக்கிறாய், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். அம்மா, "திக்குஸ் டெங்ஙார்" என்றாள். எலிக்குக் கேட்கும் என்று அர்த்தம். செத்த நாய்க்கு முன்னால் நின்று அதைச் சொல்லும்போது அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது என்று அம்மாவுக்கே தெரிந்திருக்கவேண்டும், குரல் அடங்கிப்போயிற்று. அந்த மனிதர் தரையில் காறித் துப்பினார். ஆ சிம் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் பன்றிக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அம்மாவை உடைத்தது அந்த ஆளின் துப்பல் அல்ல, ஆ சிம் பேசாமல் போனதுதான். "வைஞ்சிருந்தா மனசு ஆறியிருக்கும்டி. மூஞ்சியக்கூடப் பாக்காம போயிட்டா" என்று அன்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கை முட்டி வரைக்கும் உள்ள விட்டுத்தானே வெச்சேன். ஓட்டுச்சில்லும் சாத்தினபடிதான் இருந்துச்சு. எப்படித் தின்னுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். செத்த பெருச்சாளியைத் தின்றிருக்கும் என்றார் அப்பா. இருக்கலாம் என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா தென்னந்தண்டைத் தாண்டவில்லை. கிணற்றை யாரும் மூடவில்லை, வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அம்மாவுக்கு. சாலையோரத்துப் பொதுக் குழாய்க்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்தாள். பினாங்கில் தை மாசி வெயில் மண்ணை ஓடாக்கிவிடும். குடத்துத் தண்ணீர் சமையலுக்கும் குளிக்கவுமே சரியாக இருந்தது. வெண்டை முதலில் சுருண்டது, பிறகு கீரை. மரவள்ளி மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. அதை, பொந்து வாசலில் மூக்கை வைத்துப் படுக்க ஆளில்லாத தைரியத்தில், கீழ்வீட்டுக்காரர்கள் பட்டப்பகலிலேயே வந்து முடித்தார்கள். மருந்து வைத்தது எல்லாவற்றையும் கொல்லவில்லை. பிழைத்தவை மறுபடி பலகாரத்தைத் தொடவில்லை. ஆ சிம் சில சாயங்காலங்களில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வந்து நின்று எங்கள் குடிசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தலை தெரிந்ததும் அம்மா உள்ளே போய்விடுவாள்.

அப்பா ஒரு நாள் பட்டணத்துக்குப் போய்விட்டு வந்து, "பேர் கொடுத்துட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா அழவும் இல்லை, முன்பே சொல்லிவிட்டார் அல்லவா. "தனத்தோட போயி அங்கயே இருந்துரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டவளுக்கே பதில் தெரியும். அக்கா வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் மாமியாரும் இரண்டு கொழுந்தன்மாரும். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அம்மாவின் மனமும் இடம் கொடுக்காது. மூன்று வயதுப் பிள்ளையை அப்பாவோடு தனியே கப்பலேற்றவும் முடியாது. கடைசியில், தாய்வீட்டு ஆளென்று ஒருத்தியாவது பக்கத்தில் இருக்கட்டும், சின்னப் பெண் இடத்தை அடைக்கமாட்டாள் என்று சொல்லி, என்னை அக்காவிடம் விட்டுப் போவதாக முடிவாயிற்று. காலம் நன்றானதும் நாங்களே திரும்பி வருவோம் என்றார்கள். நானும் நம்பினேன்.

அக்காவால் துறைமுகத்துக்கு வர முடியவில்லை, நிறைமாதம் நெருங்கிவிட்டது. அத்தான்தான் என்னைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு அழைத்துப்போக வந்திருந்தார். அம்மா துணி மூட்டையையும் சுக்குப் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தாள். "வலி வந்தா அவ கையப் புடிச்சுக்க. யாரு வெளிய போகச் சொன்னாலும் போயிராத. கைய மட்டும் விட்றாத, பாப்பா" என்றாள். தம்பி கப்பலைப் பார்த்த குஷியில் குதித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் அம்மாவின் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு எல்லாச் சேலையும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. நான் அழுதேன், அத்தான் ஐஸ் வாங்கிக் கொடுத்தார், அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

அக்காவுக்குப் பங்குனியில் பெண் பிறந்தது. வலியில் எல்லாப் பெண்களும் அம்மா என்றுதான் கத்துகிறார்கள், பின்னாளில் நானும் கத்தியிருக்கிறேன். அக்கா கத்தியது அப்படியில்லை. கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் கையை விடவில்லை. மருத்துவச்சி இரண்டு தடவை அதட்டியும் விடவில்லை. இஞ்சி போட்ட கோழியை யாரும் கொண்டுவரவில்லை.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வரவில்லை. ஊரில் ஒரு வருஷம் இருந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளி, அப்படியே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் யுத்தம் வந்து கப்பலே நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்து தம்பி மட்டும் வந்தான், மீசை முளைத்த ஆளாக. அம்மா நடுவிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்பதை அவன் சொல்லித்தான் நாங்கள் முதலில் அறிந்தோம். அக்கா மகள் அப்போது தாவணி போட்டுவிட்டாள். அவளை அம்மா பார்க்கவே இல்லை.

தம்பி அம்மாவைப் பற்றி நிறையச் சொன்னான். அதில் ஒன்று இது. ஊரில் எலித் தொல்லை அதிகம். எல்லார் வீட்டிலும் மருந்து வைப்பார்கள், வாயைத் திறக்காமல். எங்கள் அம்மா மட்டும் வைக்கிற அன்று தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "இன்னிக்கு எங்க வீட்டுல எலிக்குப் பாஷாணம் வெச்சிருக்கேன், நாயக் கட்டிப் போடுங்க, கோழிய அடைங்க, பிள்ளைய அனுப்பாதீங்க" என்று கத்திச் சொல்லிவிட்டு வருவாளாம். எலிக்குக் கேட்டுவிடப் போகிறது, மெதுவாகச் சொல் என்றால், கேட்டால் கேட்கட்டும் என்பாளாம். பினாங்குக்காரிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று தெருவில் சிரிப்பார்கள் என்றான். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி ஜெலுத்தோங்குக்கே குடிவந்த பிறகு, பாசார் என்கிற காய்கறிச் சந்தையில் ஒரு சீனக் கிழவி கீரைக் கட்டை நீட்டியபடி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "நீ தங்காச்சி மகளில்லையா?" என்று மலாயில் கேட்டாள். ஆ சிம்! தலை முழுக்க வெளுத்திருந்தது. அம்மா எங்கே என்றாள். செத்துப்போனாள் என்றேன். கையிலிருந்த கட்டைக் கூடையில் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். வியாபாரத்தைக் கவனிக்காமல், வாங்க வந்தவர்களையும் போகச் சொல்லிவிட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்.

அதே சாயங்காலம் அவளும் மருந்து வைத்தாளாம். கருவாட்டில் தடவி, பன்றிக் கொட்டகைக்குப் பின்னால், பொந்துக்குள் விடாமல் தரைமேலேயே. பன்றி இருக்கிற இடத்தில் விஷம் கூடாது என்று புருஷன் சொல்லியிருந்ததால் அவருக்குத் தெரியாமல் வைத்தாள். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அவர்கள் ஊரிலும் அதே பழக்கம்தானாம். எலி வீட்டோடு இருப்பது, பேசினால் கேட்டுக்கொண்டிருக்கும். கிணற்றடியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, வேறு என்னவோ பேசிப் பிரிந்திருக்கிறார்கள்.

"காலையில் கருவாடு இல்லை. நாய் அதைத்தான் தின்றது என்று எனக்கு அப்போதே தெரியும்" என்றாள். "உன் அம்மா வந்து நான்தான் என்றாள். இல்லை, நான்தான் என்று சொல்லியிருந்தால் என் புருஷன் என்னை அடித்தே கொன்றிருப்பார். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் போனால் தங்காச்சி தண்ணீருக்கு வருவாள், கிணற்றடியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் வரவே இல்லை. கால்வாய் வரைக்கும் வந்து வந்து நின்றேன். அப்புறம் ஒரு நாள் குடிசை காலியாகக் கிடந்தது."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கிழவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய பாஷையில் ஏதோ சொல்லி அழுதாள். அது எனக்குப் புரியவில்லை. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை போலிருந்தது. அவள் கையை உதறிவிட்டு எழுந்திருக்க என்னால் முடியவில்லை. அன்று அவள் கீரை முழுவதும் வாடிப்போயிற்று.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்து, "அப்ப அம்மா போயிருக்கவே வேண்டாமா?" என்று கேட்டாள். நான் அந்த முறத்தை எடுத்து மீதி அரிசியைப் புடைக்க ஆரம்பித்தேன். அவள் அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தோப்பு இப்போது இல்லை. கால்வாயைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள், கிணறு எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே காட்ட முடியாது; அடுக்குவீடுகளும் கார்கள் நிற்கிற இடமுமாக இருக்கிறது. கெலுகோர்ப் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பெருச்சாளி வந்தால் முனிசிபாலிடிக்குத் தொலைபேசி செய்து, ஊருக்கே கேட்கும்படி சத்தம் போடுகிறார்கள். மருந்து வைக்கிறவர்கள் சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டுத்தான் வைக்கிறார்கள். எலிக்குக் காது கேட்கும் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆ சிம் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. அக்காவும் அத்தானும் போய்விட்டார்கள். ஆ சிம் அன்று சொன்னதை நான் கேட்டேன், அக்கா கேட்டாள், தம்பியிடம் சொல்லி அவனும் கேட்டான், அக்கா மகளுக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்க வேண்டிய அம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை.